பலகையில் நப்தலியின் பெயர்

நப்தலி சாப்பிட்டு முடித்ததும், வாயைத் துடைப்பதற்கு முன், மேசையின் நடுவில் ஒரு வெறுங்கிண்ணத்தை வைப்பார். தன் சாப்பாட்டுக் கோப்பையில் மிஞ்சிய கோழி எலும்பு, உருளைக்கிழங்குத் தோல், கசங்கிய கடதாசித் துவாய் எல்லாவற்றையும் அதற்குள் வழித்துப் போடுவார். பிறகு அதே மேசையில் இருக்கும் மற்ற மூன்று பேரையும் பார்ப்பார். அவர்களும் வழிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார். நான்கு கோப்பைகளையும் அடுக்கி, கரண்டி ஒரு பக்கம், முள்ளுக்கரண்டி ஒரு பக்கம் வைத்து, கிண்ணத்தை உச்சியில் ஏற்றி, நான் நிற்கும் யன்னலுக்குக் கொண்டுவந்து தருவார். பதினொரு வருடமாக, நாளுக்கு இரண்டு தடவையாவது, இதைப் பார்த்துவருகிறேன். அவர் ஒரு கோப்பையைக்கூட விழுத்தியது கிடையாது.

அந்த யன்னல் ரொறன்ரோவின் வடக்கில், பாதர்ஸ்ட் வீதியில் இருக்கும் ஒரு முதியோர் இல்லத்தின் குசினி யன்னல். ஊத்தைக் கோப்பைகளை அதனூடாக வாங்கி, தண்ணீர் அடித்து, மெசினுக்குள் தள்ளுவது என் வேலை. அங்கே இருக்கும் வயதானவர்கள் கோப்பை தூக்கத் தேவையில்லை. பரிமாறுகிற பிள்ளைகள் வந்து எடுப்பார்கள். இதை நப்தலிக்கு எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். “ஓம், ஓம்” என்பார். ஆமாவுக்கு நாங்கள் சொல்லும் அந்த ஓமை எங்கள் தமிழ்க் குசினியிலிருந்துதான் பொறுக்கிக்கொண்டார்.

என்னை அவர் ‘அன்ரி’ என்று கூப்பிடுவார். பரிமாறுகிற பிள்ளைகள் அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டு, அதுதான் என் பெயர் என்று நினைத்துவிட்டார். என் பெயர் யூஜினி. எனக்கு அவரைவிட முப்பத்து மூன்று வயது குறைவு. முதல் வருடம் திருத்த எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டாம் வருடம், திருத்தினால் அவருக்கு வெட்கமாக இருக்குமே என்று விட்டுவிட்டேன்.

அவர் பேசியது ஆங்கிலம். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அவர் சொன்னது எனக்கு விளங்கிய விதத்தில், எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

கிண்ணத்தின் கதையை முதலில் சொன்னவர் அவருடைய மனைவி றூத். இரண்டு பேருமாகத்தான் இல்லத்துக்கு வந்தார்கள். றூத்துக்குக் கை நடுக்கம். தேநீர்க் கோப்பையை நப்தலி பிடித்துக்கொடுப்பார். ஒருநாள் நான் மேசை துடைத்துக்கொண்டு நின்றபோது றூத் கிண்ணத்தைக் காட்டிச் சிரித்தார்.

“இந்த மனுசன் என்னைக் கலியாணம் கேட்ட அண்டைக்கும் முதல்லை இதுக்குள்ளை அப்பிள் தோலைப் போட்டிட்டுத்தான் கேட்டவர்.”

அது கிபுட்ஸ் பழக்கம். கிபுட்ஸ் என்றால் எல்லாம் பொதுவாக இருக்கும் ஒரு பண்ணைக் கிராமம். நிலம் பொது, மாடு பொது, உழவு இயந்திரம் பொது, சேட்டும் காற்சட்டையும்கூடப் பொதுச் சலவையில் இலக்கம் போட்டு வரும். எல்லோரும் ஒரே மண்டபத்தில் சாப்பிடுவார்கள். ஒவ்வொரு மேசையிலும் மிச்சம் போட ஒரு கிண்ணம் இருக்கும். அன்றைக்குக் கோப்பை கழுவும் முறை யாருடையதோ, அவனுக்கு வேலை சுலபமாக வேண்டும் என்பதற்காக அந்த ஒழுங்கு. நாளைக்கு அந்த முறை உனக்கும் வரும்.

நப்தலியின் கிபுட்ஸ் கோலான் மேட்டில் இருந்தது. அறுபத்தேழாம் ஆண்டுப் போரில் இஸ்ரேல் அந்த மேட்டைச் சிரியாவிடமிருந்து பிடித்தது. அங்கே இருந்த சனத்தில் பெரும்பகுதி கிழக்குப் பக்கம் போய்விட்டது. திரும்பி வர அவர்களை விடவில்லை. அடுத்த வருடம் நாற்பது இளம் ஆட்கள் இரண்டு லொறிகளில் மேலே ஏறினார்கள். அவர்களில் ஒருவர் நப்தலி. இருபத்து நான்கு வயது. ஹைஃபா துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவரின் மகன். இராணுவத்தில் சமையல் வேலை செய்துவிட்டு வந்தவர்.

“என்ன பயிர் செய்தனீங்கள்?” என்று நான் கேட்டிருக்கிறேன்.

“முதல் ரெண்டு வருசமும் கல்லுத்தான், அன்ரி. நல்ல விளைச்சல். ஒண்டைப் பிடுங்கினால் கீழை ரெண்டு இருக்கும்.”

கறுத்தக் கல். ஒரு காலத்தில் நெருப்புக் கக்கி அவிந்துபோன குன்றுகள் அங்கே புல் மூடி நிற்குமாம். வடக்கே எர்மோன் மலை. அந்தப் பெயரை நான் தேவாலயப் பூசையில் கேட்டிருக்கிறேன், அங்கே பனி கொட்டும் என்று தெரியாது. சாப்பாட்டு மண்டபத்தின் கிழக்கு யன்னலால் பார்த்தால் டமாஸ்கஸ் போகும் தெரு தெரியும். காற்று ஒருநாளும் நிற்காது. கொடியில் காயப்போட்ட இலக்கம் போட்ட சேட்டுகள் பறந்துபோய் எல்லைக் கம்பியில் தொங்கும். கம்பிக்கு அப்பால் கண்ணிவெடி என்றபடியால் யாரும் போய் எடுக்க மாட்டார்கள்.

கல்லைப் பொறுக்கி முடித்த பிறகு அப்பிள் நட்டார்கள். அப்பிள் பிடுங்கக் கனடாவிலிருந்து தொண்டு செய்ய வந்த பெண் றூத். வந்த மூன்றாம் மாதம் தன் அறையில் தேநீர் போட ஒரு மின்சாரக் கேத்தில் வைக்கலாமா என்று கேட்டார். ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். அதனால் சனிக்கிழமைக் கூட்டத்தில் வாக்கெடுப்பு வைத்தார்கள். முப்பத்தொன்றுக்கு இருபத்தெட்டு. கேத்தில் தோற்றது.

“எதிர்த்துக் கை தூக்கினவையிலை இவரும் ஒராள்,” என்றார் றூத்.

“கொள்கை,” என்றார் நப்தலி.

“பேந்து ஒவ்வொரு நாளும் குசினியிலையிருந்து சுடுதண்ணி களவெடுத்துக்கொண்டு வந்து தந்தவர். அதுவும் கொள்கைதான்.”

எழுபத்து மூன்றாம் ஆண்டு திரும்பவும் போர் வந்தது. விடியமுன் பெண்களையும் பிள்ளைகளையும் பஸ்ஸில் கீழே அனுப்பினார்கள். நப்தலி நான்கு பேரோடு மாடுகளுக்காக நின்றார். பால் கறக்காவிட்டால் மாடு துடிக்கும். சிரியக் குண்டும் கேட்டது, இஸ்ரேல் குண்டும் கேட்டது, மாடும் கத்தியது. மூன்றிலும் மாட்டின் சத்தம்தான் பொறுக்க முடியாமல் இருந்தது என்பார்.

நான்கு வருடம் கழித்து அவர்கள் புறப்பட்டார்கள். கிபுட்ஸில் பிள்ளைகள் தாய் தகப்பனோடு படுப்பதில்லை, பிள்ளைகளுக்கென்று தனி வீடு இருந்தது. மகள் டாலியா தன் பக்கத்தில் படுக்க வேண்டும் என்று றூத் கேட்டார். அதுவும் வாக்கெடுப்பில் தோற்றது. இந்த முறை நப்தலி றூத்தின் பக்கம் கை தூக்கினார். ரொறன்ரோ வந்து, எற்றோபிக்கோவில் பழமும் மரக்கறியும் மொத்தமாக விற்கும் சந்தையில் அப்பிள் தரம் பிரிக்கும் வேலை எடுத்தார். முப்பது வருடம். இன்றைக்கும் எங்கள் இல்லத்துக்கு வரும் அப்பிளைக் கையில் எடுத்து விரலால் தட்டிப் பார்த்து, “போன வருசத்துப் பழம்,” என்று பரிமாறுகிற பிள்ளையிடம் திருப்பிக் கொடுப்பார்.

றூத் போய்ப் பத்து வருடமாகிறது. செத்தவீடு முடிந்த கிழமை நப்தலி சாப்பிட வரவில்லை. எட்டாம் நாள் காலை ஏழு மணிக்குக் குசினி வாசலில் வந்து நின்றார். நல்ல சேட்டு, சவரம் செய்த முகம்.

“அன்ரி, எனக்கு ஒரு வேலை தா.”

குடியிருப்பவர்கள் குசினிக்குள் வரக்கூடாது என்று வாசலிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. நான் நீக்கிலாஸ் அண்ணையைப் பார்த்தேன். அவர் எங்கள் தலைமைச் சமையற்காரர். மன்னார்க்காரர். அவர் பேசினால் மெசின் சத்தத்துக்கு மேலால் கேட்கும்.

“பைபிளிலை யாக்கோபுக்குப் பன்ரண்டு பொடியள்,” என்றார் நீக்கிலாஸ் அண்ணை. “எங்களுக்கு வாய்ச்சது ஆறாவது, நப்தலி. வரட்டும், விடு. கரண்டி துடைச்சால் ஆரும் சாகப்போறதில்லை.”

எங்கள் குசினியில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. அன்றன்று யாருக்கு என்ன வேலை என்று நீக்கிலாஸ் அண்ணை அதில் எழுதுவார். குசினியில் எல்லோரும் தமிழர் என்றபடியால் தமிழில்தான் எழுதுவார். அன்றைக்கு மூன்றாவது வரியில் எழுதினார்: ‘நப்தலி – கரண்டி, முள்ளு.’ ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் மனேச்சர் வாசித்திருப்பார். தமிழில் எழுதியதால் ஒன்பது வருடம் ஒருவருக்கும் தெரியவில்லை.

இதுதான் உங்கள் பெயர் என்று நான் விரலால் காட்ட, நப்தலி பலகையை நெடுநேரம் பார்த்தார். கிபுட்ஸிலும் இப்படித்தானாம். சாப்பாட்டு மண்டப வாசலில் வேலைப் பட்டியல் தொங்கும். பெயர் இல்லாதவன் ஒன்றில் வருத்தத்தில் படுக்கையில் கிடப்பவன், அல்லது ஊரை விட்டுப் போகிறவன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் வந்து மூன்றாவது வரியைத் தொட்டுப் பார்ப்பார். பிறகு என் பக்கத்தில் ஒரு வாங்கில் உட்கார்ந்து, கழுவி வந்த கரண்டிகளைத் துடைத்துப் பிரிப்பார். முக்கால் மணித்தியாலம். அந்த நேரத்தில்தான் நாங்கள் பேசிக்கொள்வோம். நான் பேசுவது குறைவு. ஆனாலும் ஒருநாள் நானே கேட்டேன்.

“நீங்கள் போகேக்கை அந்த இடத்திலை வீடுகள் இருந்ததோ?”

“இருந்தது. கறுத்தக் கல்லு வீடுகள். முதல் மாரி அதுக்குள்ளைதான் படுத்தனாங்கள்.”

“வீட்டுக்காரர்?”

அவர் கையில் இருந்த முள்ளை இரண்டு தடவை துடைத்தார். என் ஊரான மயிலிட்டியில் எங்கள் வீடு எனக்குப் பதின்மூன்று வயதில் இராணுவத்தின் வேலிக்குள் போனது. அன்றோடுதான் என் பள்ளிக்கூடமும் முடிந்தது. எங்கள் குசினியில் யாரோ சமைத்துச் சாப்பிடுகிறார்கள் என்று அம்மா கோபம் வரும்போதெல்லாம் சொல்வா. அதை நான் நப்தலிக்கு முன்பே சொல்லியிருந்தேன். அதனால் நான் எதைக் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரியும்.

“அந்த வீட்டு முற்றத்திலை ரொட்டி சுடுற மண் அடுப்பு ஒண்டு இருந்தது,” என்றார். “நான் சமையற்காரன்தானே. பத்துத் தரம் மூட்டிப் பாத்தன். பத்துத் தரமும் புகைதான். அதை எரிக்கத் தெரிஞ்ச மனிசி எங்கையோ கம்பிக்கு அங்காலை இருந்தா. எனக்கு அது அப்பதான் விளங்கினது. ஆனா அதுக்குப் பிறகும் ஒன்பது வருசம் இருந்தனான், அன்ரி. பொய் சொல்லேல்லை. அப்பிளும் நட்டனான்.”

நான் கழுவிய அடுத்த கரண்டிகளை அவர் பக்கம் தள்ளினேன். அவர் மன்னிப்புப் போல எதையும் கேட்கவில்லை. ஆனால் ஒன்று சொன்னார். கனடாவுக்கு வரும்போது படிவத்தில், கடைசியாக இருந்த முகவரி என்ற இடத்தில், ஊர்ப் பெயரை எழுதினாராம். நாட்டின் பெயரை எழுதவில்லை. அன்றிலிருந்து எந்தப் படிவத்திலும் எழுதுவதில்லை. அந்த மேடு தன்னுடையது என்று இஸ்ரேல் சட்டம் போட்டிருக்கிறது. உலகத்தில் பெரும்பாலான நாடுகள் அதை ஒத்துக்கொள்ளவில்லை. “அவை பேசி முடிக்கட்டும். நான் பேந்து எழுதுறன்,” என்பார்.

இதெல்லாம் குசினிக்குள் எங்களோடு இருந்தவரைக்கும் பிரச்சினை இல்லை. போன வருடம் பங்குனியில் கரோலின் வந்தாள்.

கரோலின் புது நேர்ஸ். ஸ்காபரோவில் பிறந்த எங்கள் பிள்ளை. கெட்டிக்காரி, கவனமான பிள்ளை. குடியிருப்பவர்கள் ஒவ்வொருவரையும் உட்கார்த்திவைத்துக் கேள்வி கேட்டு எழுதினாள். நப்தலியைப் பற்றி அவள் எழுதியதை எனக்கு அவளே பிறகு சொன்னாள். மற்றவர்களின் கோப்பையிலிருந்து உணவை வழித்து எடுக்கிறார். ஒரு அம்மா இன்னும் சாப்பிட்டு முடிக்காத கேக்கையும் வழித்துவிட்டார். முன்பு எந்த நாட்டில் இருந்தீர்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. தினமும் ‘வேலைக்கு’ப் போவதாக நம்புகிறார். அந்த வேலை எங்கே என்று கேட்டதற்குக் குசினிப் பலகையைக் காட்டி, அதில் தன் பெயர் இருக்கிறது என்கிறார். பலகையில் இருப்பது அவருக்கு வாசிக்கத் தெரியாத மொழி.

இதை வாசித்தால் யாருமே ஆளுக்கு மறதி நோய் என்றுதான் சொல்வார்கள். எங்கள் இல்லத்தில் அந்த நோய் உள்ளவர்களுக்கு நான்காம் மாடி. அங்கே கதவுக்கு இலக்கப் பூட்டு. கோப்பைகள் பிளாஸ்ரிக். சாப்பாட்டை ஊழியர் கொண்டுபோய் வைத்து, ஊழியரே எடுத்துக்கொண்டு வருவார்கள். வியாழக்கிழமை வெளியிலிருந்து ஒரு டொக்டர் வந்து சோதிப்பார், அவர் சொன்னால் நப்தலி மேலே போக வேண்டும் என்று முடிவாயிற்று. வன்கூவரில் இருக்கும் மகள் டாலியாவுக்கும் அறிவித்தார்கள். கிண்ணம் சின்ன வயதிலிருந்தே தன் வீட்டில் இருந்தது, அதனால் பள்ளிக்கூடச் சினேகிதிகளைக் கூட்டிவர வெட்கப்பட்டதாக அவர் எழுதினார். பலகையைப் பற்றி அவருக்கும் ஒன்றும் தெரியாது.

இதை நான் அறிந்தது செவ்வாய்க்கிழமை. நப்தலியே வந்து சொன்னார்.

“அன்ரி, என்னை நாலாம் மாடிக்கு அனுப்பப் போயினமாம். அங்கை பட்டியல் இருக்கோ?”

“இல்லை,” என்றேன்.

“அப்ப நான் அங்கை என்ன செய்யிறது?”

அவர் அன்றைக்கு முள்ளையும் கரண்டியையும் கலந்து போட்டார். அதற்கு முன் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை.

அவர் போனபிறகு நான் நீக்கிலாஸ் அண்ணையிடம் போனேன்.

“அண்ணை, நாங்கள் சொல்ல வேணும்.”

“என்னெண்டு சொல்லுறது? ஒன்பது வருசமா வெளியாளைக் குசினிக்குள்ளை வைச்சு வேலை வாங்கினனாங்கள் எண்டோ? எனக்குப் பென்சனுக்கு இன்னும் மூண்டு வருசம், தங்கச்சி.”

“அவர் வெளியாளோ?”

“சட்டத்துக்கு வெளியாள்தான்.” வெங்காயத்தை வெட்டத் தொடங்கினார். பாதி வெட்டியதும் கத்தியை வைத்தார். “எழுதினது நான். சொல்லுறதெண்டால் நான்தான் சொல்ல வேணும். எனக்கு ஏலாமல் கிடக்கு. நீ சொல்லன்.”

“நானோ?”

“நீதான் ஒண்டும் பேசாதவள். நீ வாயைத் துறந்தால் ஆக்கள் நம்புவினம். நான் சொன்னால் பகிடி எண்டு நினைப்பினம்.”

புதன்கிழமை மத்தியானம் கரோலின் கோப்பி எடுக்கக் குசினிப் பக்கம் வந்தாள். நான் கையைத் துடைத்துக்கொண்டு அவள் பின்னால் நின்றேன். அவள் திரும்பும் வரைக்கும் நின்றேன்.

“என்ன அன்ரி? ஆர் யூ ஓகே?”

“பிள்ளை, அந்தப் பலகையிலை இருக்கிறது அவரின்ரை பேர்தான்.”

“ஆரின்ரை பேர்?”

“நப்தலியின்ரை. மூண்டாம் வரி.”

அவள் பலகையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“அன்ரி, ப்ளீஸ், அவரில பாவம் பாத்து இப்பிடிச் சொல்லாதீங்கோ. எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, பட் ஐ ஹாவ் டு பி ஷுவர்.”

“பொய்யில்லை, பிள்ளை.”

“வெயிற்,” என்று கைபேசியை எடுத்துப் பலகையைப் படம் பிடித்துத் தன் தாய்க்கு அனுப்பினாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, தாயின் குரல் வந்தது. கரோலின் அதைச் சத்தமாகப் போட்டாள்.

“என்ன பிள்ளை உது? முதல் வரி, யூஜினி, மெசின். ரெண்டாவது, றொய்சன், மரக்கறி. மூண்டாவது, நப்தலி, கரண்டி, முள்ளு. ஆரடி உந்த நப்தலி? நல்ல வேதக்காரப் பேராக் கிடக்கு, பைபிளிலை வாறது. கலியாணம் முடிச்சிட்டாரோ?”

நீக்கிலாஸ் அண்ணை அடுப்படியிலிருந்து சிரித்த சிரிப்பில் மூடி ஒன்று கீழே விழுந்தது. கரோலினுக்கு முகம் சிவந்தது. பிறகு அவளும் சிரித்தாள். சிரித்து முடிந்ததும் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

“ஓகே. இப்ப முழுக்கச் சொல்லுங்கோ. கிண்ணம், நாடு, எல்லாம்.”

நான் சொன்னேன். ஒரே மூச்சில் அவ்வளவு நேரம் நான் பேசியதாக எனக்கு நினைவில்லை. குசினிக்குள் அவரை விட்டதையும் சொன்னேன். அவள் அதையும் எழுதினாள். “அதை நான் ஒளிக்க ஏலாது, அன்ரி,” என்றாள். ஒளிக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை டொக்டர் வந்தார். நரைத்த தலைமுடியோடு, நிதானமான ஒரு அம்மா. கரோலின் எங்களையும் வரச்சொன்னாள். நீக்கிலாஸ் அண்ணை பலகையைச் சுவரிலிருந்து கழற்றி, அழிந்துவிடும் என்று உடம்பில் படாமல் தூரப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் கதவோடு நின்றேன்.

டொக்டர் முதலில் மணிக்கூடு வரையச் சொன்னார். வரைந்தார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னார். அப்பிள் பெட்டி எண்ணி வாழ்ந்த மனிதர், நிறுத்துங்கள் என்று சொல்லும்வரை குறைத்துக்கொண்டே போனார். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டதற்குச் செவ்வாய் என்றார். டொக்டர் குறித்துக்கொண்டார்.

“இந்தப் பலகையில் உங்கள் பெயர் எங்கே?”

மூன்றாவது வரியைத் தொட்டார்.

“தமிழ் வாசிப்பீர்களா?”

“இல்லை. ஒன்பது வருசமா ஒரே இடத்திலை இருக்கு. மாட்டுக்கே தன்ரை தொட்டி தெரியும். இது அன்ரி. இது மரக்கறிப் பொடியன். சமையற்காரன்ரை பேர் எங்கையும் இல்லை. அவன் தனக்கு வேலை எழுதுறேல்லை.”

“கேட்டியளோ கதையை!” என்றார் நீக்கிலாஸ் அண்ணை தமிழில்.

“கனடாவுக்கு வரமுன் எந்த நாட்டில் இருந்தீர்கள்?”

கரோலின் பேனையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“மேட்டிலை. எங்களைக் கேட்டால் இஸ்ரேல். டமாஸ்கஸிலை கேட்டால் சிரியா. அதுக்கு முதல் அங்கையிருந்த வீட்டுக்காரரைக் கேக்கலாம், அவை எங்கை எண்டு எனக்குத் தெரியாது. அந்த இடத்தை விட்டிட்டு அடுத்த கேள்வியைக் கேளுங்கோ.”

டொக்டர் பேனையை வைத்தார். “விட்டுவிடுகிறேன்,” என்றார். பிறகு கேள்விகள் அதிகம் இல்லை. அப்பிளைப் பற்றித்தான் பேசினார்கள்.

முடிவு அன்று பின்னேரமே வந்தது. வயதுக்குரிய கொஞ்ச மறதி இருக்கிறது, கிழமை தவறுகிறது. நான்காம் மாடிக்குப் போகத் தேவையில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். வேலை ஒன்று இருப்பது நல்லது என்றும் டொக்டர் எழுதியிருந்தார்.

எனக்கும் நீக்கிலாஸ் அண்ணைக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அண்ணை அதை வாசித்துவிட்டு, “இவ்வளவுதானோ? இதுக்கோ நான் மூண்டு நாள் நித்திரை கொள்ளேல்லை?” என்றார். கரோலின் எங்கேயோ தேடி, குடியிருப்பவர்கள் விரும்பினால் உதவி செய்யலாம் என்று ஒரு படிவத்தைக் கண்டுபிடித்தாள். நப்தலி கையெழுத்துப் போட்டார். குசினிக்குள் வரக்கூடாது. சாப்பாட்டு மண்டபத்தின் மூலையில், கையுறை போட்டுக்கொண்டு, காய்ந்த கரண்டிகளை மட்டும் பிரிக்கலாம்.

கிண்ணம் பற்றி மட்டும் குடியிருப்பவர்களின் மாதக் கூட்டத்தில் விவாதம் நடந்தது. கேக்கை இழந்த அம்மா எழும்பி முறையிட்டார். வாக்கெடுப்பு வையுங்கள் என்று நப்தலியே கேட்டார். விரும்புகிற மேசையில் வைக்கலாம், சாப்பிட்டு முடித்தீர்களா என்று கேட்காமல் யாருடைய கோப்பையையும் தொடக்கூடாது என்று இருபத்திரண்டுக்கு ஒன்பதில் முடிவானது. இரண்டாவது பகுதிக்கு எதிராகக் கை தூக்கிய ஒன்பது பேரில் நப்தலியும் ஒருவர். ஆனால் தோற்ற பிறகு கேட்டுத்தான் எடுக்கிறார்.

இப்போது நப்தலிக்கு எண்பத்தொரு வயது. இரண்டாம் மாடியில், முன்பு றூத்தோடு இருந்த அதே அறையில் இருக்கிறார். திங்கள் முதல் வெள்ளி வரை மூலை மேசையில் வேலை செய்கிறார். கிழமை என்னவென்று சில நாட்களில் கேட்கிறார், நாங்கள் சொல்கிறோம். இந்தப் பங்குனியில் நடந்த சோதனையிலும் டொக்டர் அவரை அங்கேயே இருக்கச் சொல்லியிருக்கிறார். அடுத்தது புரட்டாதியில்.